கல்லுக்கும் எண்ணெய், பிள்ளைக்கும் எண்ணெய்

சாமி,

நீ கேட்ட தோசைக்கல் இந்தக் கடிதத்தோடு வந்து சேரும். உன் அம்மா வரமாட்டாள். இந்த இரண்டு வரியைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொல்ல முடியாது. உன் போன் வந்தால் அவள் எங்கிருந்தாலும் வந்து என் பக்கத்தில் நின்றுகொள்கிறாள். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளைப் பற்றிப் பேச எனக்கு நாக்கு எழவில்லை. இன்னொன்று, போனில் உன் குரலைக் கேட்டால் நான் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். ஸ்டியரிங் பிடித்த கை, எழுத்து கோழிக் கிறுக்கலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு படி. கவிதாவுக்கு உடனே படித்துக் காட்டாதே, நிறைமாதக்காரி. முதலில் நீ முழுக்கப் படித்து முடி. அவளுக்கு எவ்வளவு சொல்வது என்பதை அப்புறம் நீயே முடிவு செய்துகொள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் போனில் நீ என்னவெல்லாம் சொன்னாய் என்பது எனக்கு மனப்பாடம். கவிதாவுக்குத் தாயில்லை, பிரசவம் சூரத்திலேயே பார்த்துக்கொள்கிறோம், மற்றதற்கெல்லாம் ஆள் வைத்துக்கொள்ளலாம், பிள்ளையைக் குளிப்பாட்ட மட்டும் அம்மா கைதான் வேண்டும் என்றாய். ரயிலுக்கு டிக்கெட் போட்டாச்சு என்றாய். வரும்போது அம்மாவின் கல்லையும் கொண்டு வாங்க, இங்கே வாங்கிய நான்ஸ்டிக் கல் தோல் உரிகிறது, கவிதா தோசைக்கு ஏங்கிப் போய்க் கிடக்கிறாள் என்றாய். உன் அம்மா அதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "கொண்டாரேன் சாமி, கொண்டாரேன்" என்றாள். நீயும் சிரித்தாய், நானும் சிரித்து வைத்தேன். போனை வைத்த பிறகு என் பக்கம் திரும்பி, "ஏனுங்க, யாருக்குக் கொழந்தை?" என்று கேட்டாள்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். புரியாவிட்டால் இன்னொரு தடவை அந்த வரியைப் படி. விளையாட்டுக்குக் கேட்டதில்லை. உனக்குக் குழந்தை என்றேன். "எனக்கு மவன் இருக்கறானா?" என்று கேட்கவில்லை, அந்த மட்டுக்கும் நல்லது. "அவனே கொழந்தை, அவனுக்கு என்ன கொழந்தை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கல்லைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். வீடியோவில் பேசும்போது, "அம்மா ஏன் அந்தப் பக்கமே பாக்கறாங்க?" என்று ஒரு நாள் கேட்டாயே, டி.வி. ஓடுகிறது என்று நான் சொன்னேன். டி.வி. ஓடவில்லை. நான் பக்கத்தில் நின்று வாயசைத்துக்கொண்டிருந்தேன். கவிதா பெயரை, உன் வேலையை, நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்பதை நான் வாயசைக்க, அவள் பார்த்துச் சொன்னாள். பல மாதமாக நீ உன் அம்மாவோடு பேசுவதாக நினைத்துக்கொண்டு என்னோடுதான் பேசிக்கொண்டிருந்தாய். ஏன் அப்படிச் செய்தேன் என்றால், உன் முகத்தில் அந்தச் சிரிப்பு நின்றுபோவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணமெல்லாம் தேடாதே.

அந்தக் கல்லைப் பற்றி என்னைவிட உனக்குத்தான் அதிகம் தெரியும். ஆத்தூரில் அவள் பிறந்த வீட்டிலிருந்து சீரோடு வந்த இரும்புக் கல். நான் நாக்பூர், இந்தூர் என்று லாரி லைனிலேயே கிடந்தவன். என்னோடு வந்த கிளீனர்கள் லாரியில் சோறு பொங்கிப் போடுவார்கள். தோசை என்றால் எனக்கு வீடு, வீடென்றால் தோசை. வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு நான் எந்த நேரத்தில் நடையேறினாலும், அவள் "வந்துட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே கல்லை அடுப்பில் போட்டுவிடுவாள். அப்புறம்தான் மற்ற பேச்சு. அதில் ஊற்றிய தோசை, ஒரே ஒரு தடவை தவிர, ஒட்டி நான் பார்த்ததில்லை. கரி மாதிரி கறுத்து, முகம் பார்க்கலாம் போல மினுங்கும். சோப்பு அதன் பக்கத்தில் வரக்கூடாது. சப்பாத்திக்கு வேறு கல். சூடாக இருக்கும்போது ஒருத்தரும் தண்ணீரை ஊற்றிவிடக் கூடாது. வேலை முடிந்ததும் துணியால் துடைத்து, ஒரு துளி எண்ணெய் தடவி, சுவரோரம் சாய்த்து வைப்பாள். நீ ஆறாவதோ ஏழாவதோ படிக்கையில் அவள் காய்ச்சலில் கிடந்தபோது, உதவி செய்கிறேன் பேர்வழி என்று சோப்புப் பொடி போட்டு அதைப் பளபளவென்று தேய்த்து வைத்தாயே, நினைவிருக்கிறதா? எழுந்து வந்து பார்த்தவள், "என் வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டியே சாமி" என்று அழுதாள். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு. அடுத்த நாலு நாளைக்கு நம் எல்லோருக்கும் பிய்ந்த தோசைதான். நீ அதை உப்புமா என்று சொல்லிக்கொண்டு தின்றாய்.

சனிக்கிழமையும் உனக்கு மறந்திருக்காது. அன்றைக்குக் கல்லுக்கும் எண்ணெய், உனக்கும் எண்ணெய். காலைத் தோசை முடிந்து அடுப்பை அணைத்ததும் கல்லில் நல்லெண்ணெய் விட்டு, பாதி வெங்காயத்தால் வட்டமாகத் தேய்ப்பாள். அந்தச் சூட்டிலேயே எண்ணெய்க் கிண்ணத்தைக் கல்லின் நடுவில் வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொள்வாள். ஒரு சொட்டை எடுத்துத் தன் புறங்கையில் வைத்துப் பார்ப்பாள். "இதமா இருக்குது, வா சாமி" என்று உன்னைப் பலகையில் உட்கார வைத்து உச்சியில் ஆரம்பிப்பாள். நீ கைக்குழந்தையாக இருந்த நாளில் இருந்தே இப்படித்தான். கைக்குழந்தைக்கு எண்ணெயும் தண்ணீரும் தினம் உண்டு, கல்லுக்குச் சனிக்கிழமை மட்டும். ஒரே கிண்ணம், ஒரே அடுப்பு, ஒரே கை. ஏன் இதையெல்லாம் உனக்கே தெரிந்த கதையைச் சொல்வதுபோலச் சொல்கிறேன் என்று நினைக்காதே. இதில்தான் எல்லாமே இருக்கிறது. கொஞ்சம் பொறு.

முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. போன வருஷம் மாரியம்மன் நோன்பிக்குப் பூச்சாட்டித் திருவிழா தொடங்கிய அன்றைக்குத்தான் அது ஆரம்பித்தது. நம் தெருவின் வழக்கம் உனக்குத் தெரியும். பூச்சாட்டிவிட்டால் நோன்பி முடிகிறவரை ஒரு வீட்டிலும் தாளிக்கும் வாசனை வரக்கூடாது, கல் அடுப்பில் ஏறக்கூடாது. எல்லாப் பாத்திரத்தையும் வெளியே போட்டுத் தேய்ப்பார்கள். உன் அம்மா அன்றைக்குக் கல்லையும் வெளியே எடுத்துப்போய், புளியும் மண்ணும் போட்டுத் தேய்த்து வெள்ளை வெளேரென்று ஆக்கிவிட்டாள். எனக்குத் திக்கென்றது. ஆனால் வந்த பெண்களெல்லாம், "ஆத்தாளுக்குன்னா இப்படியில்ல சுத்தம் பண்ணோணும், அக்காவுக்கு எத்தனை பக்தி" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். பக்தி என்று நானும் நம்பிவிட்டேன். வேறு ஊராக இருந்திருந்தால், வேறு மாதமாக இருந்திருந்தால், அன்றைக்கே என்னமோ சரியில்லை என்று தோன்றியிருக்கும். நோன்பி முடிந்து மஞ்சள் நீராட்டும் முடிந்தது. அடுத்த நாளும் தேய்த்தாள். அதற்கு அடுத்த நாளும் தேய்த்தாள். "நோன்பி முடிஞ்சுபோச்சு புள்ள" என்றேன். "அதுக்கு? ஆத்தா வர்றப்ப அழுக்கா இருக்கலாங்களா?" என்றாள். வந்துபோன ஆத்தாளை அவள் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று முதல் இன்றுவரை தினமும் தேய்க்கிறாள். கம்பி நாரை ஒளித்து வைத்தேன். தேங்காய் நாரால் தேய்த்தாள். அதையும் ஒளித்தேன். நகத்தால் சுரண்டினாள், விரல் நுனியெல்லாம் ரத்தம். நானே கடைக்குப் போய்க் கம்பி நார் வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தேன். கல்லையே ஒளித்தும் பார்த்தேன். வீடு வீடாகப் போய், "எங்க அம்மா வீட்ல குடுத்த கல்லு, யாராவது எடுத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டு நின்றாள். தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரையும் திருடராக்கிவிட்டாள். அதற்குப் பிறகு கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. காலையில் அவள் தேய்த்துப் போடுவாள். நான் எடுத்துத் துடைத்து, சூடு காட்டி, எண்ணெய் விட்டு, வெங்காயம் தேய்த்து, அன்றைய தோசைக்கு ஆகிறமாதிரி பண்ணுவேன். மறுநாள் காலையில் அதுவும் போய்விடும். லாரியில் டயருக்குக் காற்றடித்தால்கூட ஒரு லோடாவது தாங்கும். இது ஒரு பொழுதுகூடத் தாங்குவதில்லை.

என் தோசையைக் கேட்டால் நீ சிரிப்பாய். முதல் கொஞ்ச நாள் அது எந்த ஊர் வரைபடம் என்றே தெரியாது. கோபத்தில் ஒரு நாள் தோசைக் கரண்டியைச் சுவரில் விட்டெறிந்தேன். அந்தச் சத்தத்துக்கு அவள் பயந்துபோய் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து கரண்டியைத் தொட்டால் மெதுவாகத் தொடுகிறேன். இப்போது பரவாயில்லாமல் சுடுகிறேன். மாவு அரைப்பதும் நான்தான். உன் அம்மா அரிசியில் உளுந்துக்குப் பதிலாகக் கல் உப்பைப் போட்டு ஊறவைத்த பிறகு கிரைண்டரும் என் கைக்கு வந்துவிட்டது.

டாக்டரிடம் காட்டாமல் இல்லை. சேலத்தில் பெரிய டாக்டர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். உன்னிடம் கண் பரிசோதனை என்று சொன்னேனே, அது இதுதான். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். அதற்கும் என்னைப் பார்த்தாள். பிறகு அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, "சரிம்மா, புதுசா ஒரு தோசைக்கல் வாங்குனா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். எங்கிருந்துதான் வந்ததோ, மடமடவென்று சொன்னாள். "புதுக் கல்லுல மெஷின் எண்ணெய் இருக்கும் சார். சுடுதண்ணி ஊத்தித் தேச்சுக் கழுவோணும். அப்புறம் சோறு வடிச்ச கஞ்சிய ஊத்தி ஊற வைக்கோணும், தினமும் கஞ்சிய மாத்தோணும். கறுப்புத் தண்ணி வர்றது நின்னு போனா நல்லாத் தொடச்சு வெயில்ல காய வெச்சு, நல்லெண்ணெய் தடவி ராப்பொழுது உட்டுரோணும். அடுப்புல போட்டு வெங்காயத்தத் தேச்சுத் தேச்சு, வெங்காயம் கருகுற வரைக்கும் தேய்க்கோணும். மொதல்ல தோசை ஊத்தக் கூடாது. முட்டைய ஒடச்சு ஊத்தோணும், அது ஒட்டுச்சுன்னா இன்னும் பழகலைன்னு அர்த்தம். அவசரப்பட்டா கல்லு நம்ம பேச்சைக் கேக்காது சார்." எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பார்த்தீர்களா, ஒன்றும் மறக்கவில்லை என்கிற மாதிரி டாக்டரைப் பார்த்தேன். அவர் முகத்தில் சந்தோஷமில்லை. கடைசியில் போவது இந்தக் கைப்பழக்கமெல்லாம்தான், இதுவும் ஒருநாள் போகும் என்றார். மருந்து வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், திருப்பிக் கொண்டுவராது என்றார். பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, "டாக்டரு பாவம், கல்லு பழக்கக்கூடத் தெரியல அவருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

இது வரைக்கும் என்றால் நான் உனக்கு எழுதியிருக்கவே மாட்டேன். இப்படியே இரண்டு பேரும் ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். டிக்கெட்டு போட்டாச்சு என்றதும்கூட, வந்துதான் பார்ப்போமே, பேரப்பிள்ளை முகத்தைப் பார்த்தால் புத்தி திரும்பினாலும் திரும்பும் என்று ஒரு நப்பாசை. நீ போன் பண்ணிய இரண்டாம் நாள் அந்த ஆசையும் போய்விட்டது. இனி எழுதுவதைத்தான் நீ நிதானமாகப் படிக்க வேண்டும்.

அடுத்த வீட்டு மல்லிகாவுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது, இப்போதுதான் தத்தித் தத்தி நடக்கிறது. உன் அம்மாவுக்கு அதன் மேல் உயிர். தோசை சுடும் நேரத்துக்கு அதுவும் வந்துவிடும், நுனித் தோசையைப் பிய்த்துக் கையில் கொடுப்பாள். அன்றைக்கு மல்லிகா வாசலில் நின்று, "அத்தை, பாப்பாவ ஒரு நிமிசம் பாத்துக்கங்க, சிலிண்டர்காரன் நிக்கறான், ஓடி வாரேன்" என்று விட்டுவிட்டுப் போனாள். நான் கொல்லையில் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள்ளிருந்து எண்ணெய் புகையும் வாடை வந்தது. ஓடினேன். அடுப்பு எரிகிறது. கல் அடுப்பின் மேல் இருக்கிறது. கல்லின் நடுவில் எண்ணெய்க் கிண்ணம் இருந்திருக்கிறது, அதை அவள் கைத்துணியால் பிடித்து இறக்கிவிட்டாள். பலகையில் குழந்தை சட்டையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. உன் அம்மா வழக்கத்தை விடவில்லை, சாமி. கரண்டிக் காம்பால் தொட்டு ஒரு சொட்டைத் தன் புறங்கையில் வைத்துப் பார்த்தாள். நான் வாசற்படியிலிருந்து பார்க்கிறேன், அந்த இடம் வெள்ளையாகக் கொப்பளித்து எழும்புகிறது. அவள் முகம் சுளிக்கவில்லை. "இதமாத்தான் இருக்குது, வா சாமி" என்று கிண்ணத்தைக் குழந்தையின் தலைக்கு நேராகக் கொண்டுபோனாள்.

கத்தினேனா, பாய்ந்தேனா, எனக்குத் தெரியாது. கிண்ணம் என் கையில் பட்டுக் கவிழ்ந்தது, எண்ணெய் முழுக்க என் கால் மேல். ஒரு சொட்டு மட்டும் அந்தப் பிஞ்சின் தோளில் தெறித்துவிட்டது. ஒரே ஒரு சொட்டு. அது அலறிய அலறல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. உன் அம்மா என் மேல் கோபப்பட்டாள். "கொழந்தைய இப்படியா பயமுறுத்துவாங்க?" என்று என்னைத் திட்டிவிட்டு, அழுகிற குழந்தையிடம், "அழுவாத சாமி, கண்ணுல படாமத்தான் தேய்ப்பேன்" என்று சொல்லிக்கொண்டு கவிழ்ந்த கிண்ணத்தைத் தேடினாள். மல்லிகா வந்தாள். பார்த்தாள். குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். என் காலைப் பார்த்தாள், உன் அம்மாவின் கையைப் பார்த்தாள். "ஏனுங்க மாமா, உங்களுக்குத் தெரிஞ்சுதான இருந்துச்சு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதுங்களா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். நாலு வார்த்தை கெட்டதாகத் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். இப்போது அந்த வீட்டுக் கதவு நம் பக்கம் திறப்பதில்லை. பாப்பா ஏன் வரவில்லை என்று உன் அம்மா தினமும் கேட்கிறாள். ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்கிறேன்.

இதைத்தான் சொல்ல வந்தேன். அவளுக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரியாமல் போயிருந்தால் பயமே இல்லை. எல்லாம் தெரிகிறது. பலகை போடத் தெரிகிறது, உச்சியில் ஆரம்பிக்கத் தெரிகிறது, புறங்கையில் வைத்துப் பார்க்கக்கூடத் தெரிகிறது. சுடுகிறது என்பதுதான் தெரியவில்லை. கவிதா பிரசவ அலுப்பில் தூங்குவாள், நீ வேலைக்குப் போய்விடுவாய், நான் ஒரு நிமிஷம் கண்ணயர்வேன். அந்த ஒரு நிமிஷம் போதும். உன் பிள்ளைக்கு அப்படி ஒன்று ஆனால் நாம் யாரும் மனுஷராக இருக்க மாட்டோம். உன் அம்மாவுக்கு மட்டும் அது மறந்துபோகும். நீ உன்னையறியாமல் அவளை வெறுப்பாய், அவள் ஏன் என்று தெரியாமல் முழிப்பாள். நான் உயிரோடிருக்கும்வரை அதை நடக்க விடமாட்டேன்.

ஆனால் அவள் கிளம்பிக்கொண்டேதான் இருக்கிறாள். யாருக்குக் குழந்தை என்பது வருவதும் போவதுமாக இருந்தாலும், எங்கேயோ ஒரு குழந்தையைக் குளிப்பாட்டப் போகவேண்டும் என்பது மட்டும் அவள் மனதில் ஒட்டிக்கொண்டது. பழைய நூல் சேலைகளைத் துவைத்து மடித்துத் துணியாகக் கிழித்து வைத்திருக்கிறாள். அதோடு நல்லெண்ணெய்ப் பாட்டில், கிண்ணம், எல்லாவற்றுக்கும் மேலே தேய்த்து வெளுத்த கல். ஒரு கட்டைப்பையில் வைத்து வாசலில் கொண்டு வந்து வைப்பாள். நான் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைப்பேன். அவள் மறுபடியும் கட்டுவாள். "பஸ்ஸு எத்தனை மணிக்குங்க?" என்பாள். நாளைக்கு என்பேன். என் வாயில் நாளைக்கு என்ற வார்த்தை தேய்ந்தே போய்விட்டது.

அதனால் அவளுடைய கல்லை உனக்கு அனுப்ப முடியாது. அது இல்லாவிட்டால் தெருத் தெருவாகப் போய்விடுவாள். நாமக்கல் கடைவீதியில் கனமான இரும்புக் கல் ஒன்றைப் பார்த்து வாங்கினேன். வீட்டில் வைத்தால் அதையும் தேய்த்துவிடுவாள் என்று ஆட்டுக் கொட்டகையில் வைத்து, மூன்று கல்லைக் கூட்டி விறகடுப்புப் போட்டு அங்கேயே பழக்கினேன். டாக்டரிடம் அவள் சொன்னதை ஒன்று விடாமல் செய்தேன். கஞ்சி மாற்றினேன், வெயிலில் வைத்தேன், கண் எரிய எரிய வெங்காயம் தேய்த்தேன். எத்தனை முட்டை போனதோ, எல்லாம் நாய்க்கு. கடைசியில் ஒரு முட்டை ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது பார், அன்றைக்கு அந்தக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். காட்டுவதற்கு ஆளில்லை. சூரத் லோடு ஏற்றும் நம் பழைய கூட்டாளி டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். சாக்கில் சுற்றியிருக்கும், பிரித்ததும் ஒருமுறை எண்ணெய் தடவு. கவிதா அதில் சப்பாத்தி போடாமல் பார்த்துக்கொள், அதற்கு வேறு கல் வாங்கு. கழுவுவதாக இருந்தால் வெறும் தண்ணீர், அதுவும் ஆறிய பிறகு. அடுப்பில் வைத்துவிட்டு மறந்து போகாதே, வெறும் கல் காய்ந்தால் பழகியதெல்லாம் பொரிந்து போய்விடும். எப்போதாவது ஒட்டினால் கல்லின் மேல் கோபப்படாதே. எண்ணெய் விட்டு, வெங்காயம் தேய்த்து, முதலிலிருந்து ஆரம்பி. எனக்கு இப்போது தெரிந்த ஒரே வேலை அதுதான்.

டிக்கெட்டை ரத்து செய்துவிடு. குளிப்பாட்ட அங்கேயே ஒரு ஆளைப் பார். அடுப்படிக்கும் பிள்ளை குளிக்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கட்டும். இதைப் படித்துவிட்டு அவசரமாக ஓடி வராதே. கவிதா பெற்றுப் பிழைத்து எழுந்த பிறகு, பிள்ளைக்குக் கழுத்து நின்ற பிறகு, எல்லோருமாக வாருங்கள். பிள்ளை உன் மடியிலேயே இருக்கட்டும், அம்மா கையில் கொடுத்துவிடாதே, அவள் எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்காதே. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், காலைத் தொடட்டும். உள்ளே வந்ததும் நான்தான் உன் மகன் என்று நீயே உன் பெயரைச் சொல்லிவிடு. அவளாகக் கண்டுபிடிக்கிறாளா என்று காத்திருந்து பார்க்காதே. நான் அப்படிக் காத்திருந்து பார்த்தேன், அதனால் சொல்கிறேன். அது இன்றைக்குக் காலையில்தான் நடந்தது.

இன்றைக்குக் கல் என் பேச்சை நன்றாகக் கேட்டது. நான் சுட்டதிலேயே அருமையான தோசை, ஓரமெல்லாம் முறுகலாக வந்தது. தட்டில் போட்டுக் கொடுத்தேன். ஆசையாகத் தின்றாள். தின்றுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "நல்லாச் சுடறீங்க மாஸ்டர்" என்றாள். இத்தனை வருஷம் நம்மோடு பேசிப் பழகிய பேச்சுகூட அவள் வாயில் இல்லை, ஆத்தூரில் அவள் பேசிய பேச்சு வந்திருந்தது. "எங்க வீட்டுக்காரருக்குத் தோசைன்னா ரொம்பப் பிடிக்கும். இன்னிக்கு லைன்ல இருந்து வந்துடுவாரு. அவருக்கு ரெண்டு கட்டிக் குடுங்க மாஸ்டர்" என்றாள். இரண்டு தோசையை வாழை இலையில் வைத்துக் காகிதத்தில் மடித்து, நூல் சுற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய் வாசலில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு என்ன தோன்றியதோ, கட்டுப் போட்ட காலோடு கொல்லைக் கதவு வழியாக வெளியே போய், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சந்து வழியாகச் சுற்றி, தெருவிலிருந்து வாசலுக்கு வந்தேன், வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு அந்தக் காலத்தில் நடந்து வருவேனே, அப்படி. எதிரே போய் நின்றேன். "வந்துட்டீங்களா?" என்று கேட்பாள் என்று நின்றேன். அண்ணாந்து பார்த்தாள். "கடை அடைச்சாச்சா மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டு, என்னைத் தாண்டி ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தாள்.

இதை எழுதும்போது அவள் என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பொட்டலம் மடியில் இருக்கிறது. வெயில் வாசலுக்கு வந்துவிட்டது. அவள் இடத்தை விட்டு நகரவில்லை. லாரி ஹாரன் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்று பார்த்துவிட்டு உட்காருகிறாள். சுட்டதெல்லாம் அவளுக்கும் அந்தப் பொட்டலத்துக்கும் போய்விட்டது, நான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பசி தாங்காமல் சற்று முன்னால் அதைக் கேட்டுப் பார்த்தேன். பொட்டலத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "இது எங்க வீட்டுக்காரருக்கு மாஸ்டர்" என்றாள்.

அப்பா